பாறையில் இருந்த சூடு

பென்னாகரம் காட்டில் மாடு மேய்க்கப் போன ஒருவர் இரவு திரும்பவில்லை. விடியற்காலையில், உடல் சூட்டைக் காட்டும் கேமராவோடு ட்ரோனைப் பறக்கவிட்டேன். என் வேலை அதுதான். திரையில், குளிர்ந்த பாறையொன்றில் வெளிச்சமாக ஒரு திட்டுத் தெரிந்தது. தேடப் போனவர்கள், "இங்க யாருமே இல்லீங்க" என்று போனில் கத்தினார்கள்.

"இப்பத்தான் எந்திரிச்சுப் போயிருக்காரு. சூடு இன்னும் ஆறல. கீழ பாருங்க."

ஓடையோரம் உயிரோடு கிடைத்தார்.

நான் வீடு திரும்புவதற்குள் மகள் பெங்களூரு பஸ் ஏறிவிட்டாள். அங்கே வேலை; இனி தீபாவளிக்குத்தான் வருவாள். "நீங்க வருவீங்கன்னு இங்கயேதான் உக்காந்திருந்தா" என்று மனைவி சுவரோரத்தைக் காட்டினாள்.

வீடு கூட்டாமல் கிடந்தது. ஊருக்குப் போனவர்கள் போய்ச் சேரும்வரை கூட்டக்கூடாது என்பாள். மூடநம்பிக்கை என்று எப்போதும் எரிந்து விழுவேன். அன்று ட்ரோனைக் கையில் பிடித்தபடி கேமராவைச் சுவரோரம் திருப்பினேன். தரை முழுக்க ஒரே நிறமாக இருந்தது.

மத்தியானம் போன் வந்தது. "போய்ச் சேந்துட்டாளாம். கூட்டிரட்டுங்களா?" என்று மனைவி துடைப்பத்தை எடுத்தாள்.

"நாளைக்குக் கூட்டிக்கலாம், வை" என்றேன்.