பாட முடியாத நாளில் வந்த எஸ்தர் அக்கா

செவ்வாய்க்கிழமை காலை தாம்பரம் ஸ்டேஷனில் செங்கல்பட்டு வண்டிக்காக நின்றிருந்தேன். எஸ்தர் அக்காவின் மகள் போன் செய்தாள்.

"ஆன்ட்டி, அம்மா போய்ட்டாங்க."

"எங்கே, வேலைக்கா?" என்று கேட்டேன். அவள் அழத் தொடங்கிய பிறகும் எனக்குப் புரியவில்லை. குளிக்கப் போனவர் குளியலறை வாசலிலேயே சரிந்துவிட்டாராம். ஐம்பத்திரண்டு வயது. இரண்டு நாளுக்கு முன், ஞாயிறு ஆராதனையில் என் பக்கத்தில் நின்று கைதட்டிப் பாடியவர். நம் சபையில் அவரை அறிந்த உங்களைப் போலவே எனக்கும் இன்னும் நம்ப முடியவில்லை.

நான் வேலை செய்யும் பொத்தேரி மாணவியர் விடுதியில் அவர் சமையல் செய்தார். நகரத்தில் இருந்த அவர் வீட்டை அரசாங்கத்தார் இடித்து, பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஏழாவது மாடியில் குடிவைத்திருந்தார்கள். லிஃப்ட் ஓடாத ஒரு நாள் அவரோடு நானும் படியேறினேன். ஒவ்வொரு மாடியிலும் நின்று "ஸ்தோத்திரம்" என்றார்.

"இதுக்கெல்லாமா அக்கா ஸ்தோத்திரம்?" என்றேன் எரிச்சலாக.

"லிஃப்டுக்கு ஆபீசாண்ட எழுதிக் குட்த்துட்டேன் ஷீலா, அது தனி. மூச்சு வாங்குது பாரு, அதுக்குச் சொல்றேன்."

மூன்று வருடங்களுக்கு முன்பு என் குழந்தை ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்தது. பார்க்க வந்தவர்கள் "தேவ சித்தம், துதி பண்ணும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எஸ்தர் அக்காவும் அதையே சொல்லப்போகிறார் என்று பயந்து கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். அவர் தரையில் உட்கார்ந்து, என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"இன்னிக்கு என்னால பாட முடில ஷீலா. உன்னாலயும் முடியாது. சும்மா இருப்போம். பொய்யா துதிச்சா ஆண்டவரு அத்த வச்சு இன்னா பண்ணுவாரு?"

பிறகு சிங்க்கில் கிடந்த பாத்திரங்களைத் துலக்கிவைத்துவிட்டுப் போனார். வாராவாரம் வந்தார். ஐந்தாவது வாரம் அவர் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது, என்னை அறியாமல் ஒரு பாட்டை முணுமுணுத்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நறுக்கியபடியே மெதுவாகச் சேர்ந்து பாடினார்.

அடக்கத்தன்று முதல் பாட்டை என்னைத் தொடங்கச் சொன்னார் பாஸ்டர். வாய் திறந்தேன், குரல் வரவில்லை. "முடியல பாஸ்டர்" என்றேன். எனக்கு வெட்கமாக இல்லை.

ஆண்டவரிடம் முதலில் உண்மையைச் சொல்லும் துணிச்சல், அதுதான் அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது. ஏன் அவரை இப்படி எடுத்துக்கொண்டீர் என்று தினமும் கேட்கிறேன். வரும் ஞாயிறும் ஆலயத்துக்குப் போவேன். பாடுவேனா என்று தெரியாது.