ஜோதிமணியின் ஞாயிற்றுக்கிழமைச் சமாதிகள்

என் மனைவி ஜோதிமணிக்கு உயிரோடு இருக்கிறவர்கள் போதவில்லை. வாரமெல்லாம் ஓசூரில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஊர் ஊராகப் போய்ச் சமாதிகளைப் படம் எடுத்து, கல்லில் இருக்கும் பெயரோடு இணையத்தில் ஏற்றுகிறாள். பெங்களூரிலும் மலேசியாவிலும் உட்கார்ந்துகொண்டு பூட்டனைத் தேடுகிறவர்களுக்கு உதவுமாம். வண்டி ஓட்டுவது நான். ஊரே கறிக்கடையில் நிற்கும் நேரத்தில் நான் மட்டும் சமாதிகளுக்கு நடுவில் நிற்கிறேன்.

விருதுநகரில் எங்கள் வீட்டில் எரித்துவிட்டுத் தலைமுழுகிவிடுவோம். இங்கே பலர் சொந்த நிலத்திலேயே புதைத்துச் சமாதி கட்டி, பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்துப் படையல் போடுகிறார்கள். அந்தச் சுண்ணாம்புதான் எனக்குப் பரம எதிரி. பூசிப் பூசி எழுத்தெல்லாம் அடைபட்டுப்போகும். அவள் மூங்கில் குச்சியால் சுரண்டுவாள், நான் குடத்தோடு நின்று தண்ணீர் ஊற்ற வேண்டும்.

போன மாதம் சூளகிரிப் பக்கத்திலிருந்து சென்னகிருஷ்ணன் என்ற விவசாயி கூப்பிட்டார். அவர்கள் வம்சத்துச் சமாதிகள் இருக்கும் நிலத்தில் கம்பெனி வரப்போகிறது. இடிப்பதற்குள் அப்பா சமாதியிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துத் தன் வயலில் வைத்துக் கும்பிட வேண்டும். அதற்குமுன் எல்லாவற்றையும் படம் எடுத்துத் தரச் சொன்னார்.

அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா திம்மராயப்பா போய்விட்டார். சித்தப்பா முனியப்பா நிலத்தைப் பிடுங்கிக்கொண்டு தாயையும் பிள்ளையையும் விரட்டிவிட, அந்த அம்மாள் பாரூரில் பிறந்த வீட்டோடு இருந்துவிட்டார், திரும்பவே இல்லை. வளர்ந்து ஆளாகி ஊருக்கு வந்த சென்னகிருஷ்ணன், அப்பா சமாதி எது என்று சித்தப்பா மகன் பெருமாளிடம் போய்க் கேட்பாரா? பங்காளியிடம் வாய் திறப்பதா! இருப்பதிலேயே பெரிய சமாதிதான் அப்பாவுடையது என்று தானே முடிவு கட்டி, பொங்கலுக்குப் பொங்கல் அதற்கே வெள்ளையடித்துப் படைத்துவந்தார்.

ஜோதிமணி அதைச் சுரண்டினாள். சுண்ணாம்பு அடுக்கடுக்காக உதிர்ந்தது. என் காதருகே வந்தாள்.

"ஏங்க, இதுல முனியப்பான்னுல்ல இருக்கு."

"சும்மா கிடக்கிற சங்கை ஊதிக் கெடுக்காத. பேசாம வா."

கேட்பாளா? என்னை ஒரு முறை முறைத்துவிட்டு சென்னகிருஷ்ணனையே கூப்பிட்டுக் காட்டினாள்.

பெருமாள் பக்கத்து வரப்பில்தான் நின்றிருந்தார். அத்தனை வருடப் பேச்சில்லாமை சென்னகிருஷ்ணன் போட்ட ஒரே கத்தலில் உடைந்தது.

"ஏன்டா, வருசாவருசம் உங்கப்பனுக்கு நான் வெள்ளையடிச்சனே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எனக்குச் சுண்ணாம்பு மிச்சம்னு இருந்துட்டேன்" என்றார் பெருமாள், கொஞ்சமும் கூசாமல்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜோதிமணி நறுக்கென்று கிள்ளினாள்.

"எங்கம்மாவத் தொரத்துனவனுக்கு நான் கோழியடிச்சுப் படைச்சிருக்கறேன். அதான் இவங்க குடும்பம் செழிச்சுக் கெடக்குது" என்று சென்னகிருஷ்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

திம்மராயப்பா மூலையில், உண்ணிப் புதருக்கு அடியில் கிடைத்தார். சுண்ணாம்பே படாத சின்னக் கல். ஜோதிமணி சுரண்டாமலே பெயர் தெரிந்தது. சென்னகிருஷ்ணன் முள்ளென்றும் பாராமல் வெறுங்கையால் புதரைப் பிடுங்கினார்.

வெயில் ஏறிவிட்ட எரிச்சலில், "மண்ணை எடுத்துக்கிட்டுக் கிளம்பலாமா?" என்றேன்.

அவர் கல்லைவிட்டுக் கையை எடுக்கவில்லை. "இருங்க சார். பக்கத்துல நான் போட்ட சோத்தையே பாத்துக்கிட்டு இத்தனை வருசம் பட்டினியாப் படுத்திருக்காரு எங்கப்பா. மொதல்ல அவரு சாப்பிடட்டும்."