குங்குமம் வைத்த அட்டை

நம்பாதவர்கள் மேலூருக்குப் பஸ் ஏறிவந்து ஜெயக்கொடியையே கேட்டுக்கொள்ளலாம். இட்டுக்கட்டிப் பேசுகிற ஆள் இல்லை அவள். பி.எஸ்ஸி. கணக்குப் படித்தவள். அன்று வரைக்கும் பேயாவது பிசாசாவது என்று சிரித்துக்கொண்டு திரிந்தவள்தான்.

எண்பத்திரண்டாம் வருஷம். மேலூர்ப் பக்கம் ஒரு கல் குவாரி ஆபீசில் அவளுக்கு வேலை. புருஷன் சோலை அதே குவாரியில் வெடி வைப்பவன். குழிக்கு எத்தனை வெடிமருந்துத் தோட்டா என்று இவள் கணக்குப் போட்டுச் சொல்வாள், அவன் இறக்குவான். கணக்குத் தப்பினால் அவன் உயிருக்கு உத்தரவாதம் இல்லை.

கணக்குப் போட ஒரு மெஷின் இருந்தது. கல் வாங்கும் இத்தாலிக்காரர்கள் தங்களுக்குப் பழசாகிப்போனதைக் கொடுத்துவிட்டிருந்தார்கள். மேசைமேல் வைக்கிற கம்ப்யூட்டர். கணக்கு முறை பதிந்த காந்த அட்டையைச் செருகி எண்களைத் தட்டினால் விடை காகிதத்தில் அச்சாகும். பழக்கிவிட வந்தவர் பியேத்ரோ என்ற கிழவர். இத்தாலியில் இவ்ரேயா என்கிற ஊர்க்காரர். இந்த மெஷினைச் செய்த தொழிற்சாலையிலேயே இளவயதில் வேலை பார்த்தவராம். மேசைக் கம்ப்யூட்டரில் நாங்கள்தான் முந்தி என்று மார்தட்டுவார். விடை வந்ததும் விரலை விரித்துத் தம் பாஷையில் எண்ணுவார். ஊனோ, தூவே, த்ரே, க்வாத்ரோ... ஜெயக்கொடிக்குச் சிரிப்பு தாங்காது. அந்த வார்த்தைகள் கடைசிவரை அவள் வாயில் நுழையவே இல்லை.

மெஷின் மக்கர் பண்ணினால் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் ஊருக்குப் போனார்.

அந்த வருஷம் ஆயுதபூஜைக்கு மெஷினுக்கும் மாலை போட்டார்கள். சம்மட்டிக்குப் பொட்டு வைத்த கையோடு காந்த அட்டைக்கும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தாள் ஜெயக்கொடி. அதுவும் ஆயுதம்தானே!

மறுநாள் அட்டையைச் செருகினால் துப்பியது. துடைத்தாள். சந்தனமும் பொட்டும் போகவில்லை. மறுபடியும் துப்பியது. பாறையோ புதுப் பாறை. கையால் போட்டுப் பார்ப்பதற்குள் மேஸ்திரி விருமாண்டி அவசரப்பட்டார்.

"போன தடவ எட்டுத்தான தாயி? அதையே போட்டுக்கிறோம். நேரமாச்சு."

சோலையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவள் காகிதத்தை இழுத்துக் கையால் கணக்குப் போட உட்கார்ந்தாள்.

உச்சி வேளை. ஆபீசில் வேறு யாரும் இல்லை. கரண்டும் போய்விட்டது. ஃபேன் நின்றது.

வாசலில் நிழல்.

பியேத்ரோ!

"வாங்க சார்... எப்ப வந்தீங்க?"

கார் வந்த சத்தமும் கேட்கவில்லை. அந்த வெயிலில் கம்பளிக் கோட்டு. முகத்தில் ஒரு பொட்டு வியர்வை இல்லை.

நேராக உட்கார்ந்தார். அட்டையை எடுத்தார். சந்தனத்தோடு அப்படியே செருகி எண்களைத் தட்டினார்.

டர்ர்ர்ர்...

மெஷின் ஓடியது. காகிதம் நீண்டது. நாலு.

எட்டு இல்லை... நாலு!

உயிர் வந்தது அவளுக்கு. வாசல்வரை ஓடினாள். அங்கேதான் உறைத்தது.

கரண்ட் இல்லையே...

திரும்பினாள்.

ஃபேன் அசையவில்லை.

டர்ர்ர்ர்...

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கண் இமைக்கவில்லை.

பிறகு ஓடியதுதான். செருப்பு எங்கே போனது என்று தெரியாது. பாறைமேல் சிவப்புக் கொடி. தோட்டா இறக்கிக்கொண்டிருந்த சோலை நிமிர்ந்து பார்த்தான். தொண்டை கிழியக் கத்தினாள். அவன் கை நின்றது.

நாலோடு நிறுத்தித் திரி வைத்தார்கள். அதற்கே பாறை சரிந்து, ஆட்கள் பதுங்கியிருந்த கொட்டகையின் கால்வரை வந்து நின்றது. எட்டு போட்டிருந்தால்?

ஆபீசுக்குத் திரும்பியபோது நாற்காலி காலி. அட்டை, அவள் வைத்த இடத்தில், பொட்டோடு கிடந்தது. மெஷினைத் தொட்டால் சூடு.

சாயங்காலம் முதலாளி வந்தார்.

"பியேத்ரோ சார் எப்பங்கய்யா வந்தாரு?"

முதலாளி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"அவரு ஆடியிலயே செத்துட்டாரேம்மா. தந்தி வந்துச்சு. ஒங்கிட்டச் சொல்ல விட்டுப்போச்சு."

அன்று ராத்திரி சோலைக்குச் சோறு போட்டு வைத்தாள். அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"நல்லவேளைங்க... நாலு, நாலுன்னு நான் கத்துனது ஒங்களுக்குக் கேட்டுச்சே."

சோலை தட்டைத் தள்ளி வைத்தான்.

"நீ எங்க நாலுன்னு கத்துன? நாலு வெரலக் காட்டுன. அதப் பாத்துத்தான் நிறுத்தினேன். வாயில வேற என்னமோ வந்துச்சு."

"என்ன வந்துச்சு?"

"க்வாத்ரோ... க்வாத்ரோன்னு."

அவள் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டான் சோலை.

"அதுவும் ஒங் குரல்ல இல்ல, ஜெயக்கொடி. கெழவன் குரல்ல."