திசை பார்த்துக் குடிவந்தவர்கள்

ஏழுமலையை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, தன் வீட்டு ஈசானிய மூலை இடம் மாறிவிட்டதா என்று கைப்பேசித் திசைகாட்டியில் பார்த்துக்கொண்டிருந்தார். மனைப்பிரிவுக்கு வரைபடம் போடுகிறவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும்: நாம் காகிதத்தில் தெரு போடுவோம், குடிவருகிறவர்கள் அவரவர் திசையோடு வருவார்கள்.

கோடு போட்ட நோட்டு

செஞ்சியில் சாலையை அகலப்படுத்தியபோது ஒரு தெருவே போனது. அந்தக் குடும்பங்களுக்கு மேல்மலையனூர் ரோட்டில் இருபத்துநான்கு மனை. படிக்காமல் பார்த்தே தொழில் கற்ற நான், கோடு போட்ட நோட்டு மாதிரி நேர்நேராகத் தெரு போட்டேன். வாய்க்கால் நிலத்தின் சாய்வுப்படி மேற்கே ஓடும்.

மணிலாக்கொட்டை வியாபாரி ஏழுமலையும் தையல்காரர் பஷீர் பாயும் முப்பது வருஷம் பக்கத்து வீட்டுக்காரர்கள். புது இடத்திலும் பக்கம் பக்கமாகவே வேண்டும் என்று சேர்ந்தே வந்தார்கள். ஏழுமலை படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாபா, தண்ணி ஈசானியத்துக்கு இல்ல ஓடணும்? உன் வாய்க்காலுக்கு சாஸ்திரமே தெரியல."

உட்காரும் திசை

பாய்க்கு ஒரே நிபந்தனை: கழிப்பறையில் மேற்கே பார்த்தும் உட்காரக் கூடாது, மேற்குக்கு முதுகு காட்டியும் உட்காரக் கூடாது, அது தொழுகிற திசை. நானோ மாதிரி வீட்டுப் படத்தில் மேற்கே பார்த்துத்தான் போட்டிருந்தேன். ஒரு வாரம் அதையே திருப்பித் திருப்பி வரைந்தேன். அப்போது உயிரோடிருந்த என் மனைவி காபி வைத்துவிட்டுச் சொன்னாள்:

"ஊருக்கெல்லாம் திசை பாக்குறீங்க. நம்ம கக்கூசுக்கு ஒரு தாழ்ப்பா போடுங்க மொதல்ல."

குத்துகிற தெரு

மற்றவர்கள் தேர்ந்தெடுத்தது போக, பக்கம் பக்கமாக மிஞ்சியது இரண்டே மனை. அதில் ஒன்றுக்கு நேர் எதிரே குறுக்குத்தெரு வந்து முட்டியது. தெருக்குத்து மனை வீட்டுக்காரனைக் கொண்டுபோய்விடும் என்று ஏழுமலைக்கு நடுக்கம். இருவரில் ஒருவர் அதை எடுக்காவிட்டால், மனைப்பிரிவில் ஆளுக்கொரு கோடியில்தான் இருக்க வேண்டும். "காத்து நேரா வரும்" என்று பாய் எடுத்துக்கொண்டார்.

வீடு கட்டிய பிறகும் ஏழுமலைக்கு மனசு கேட்கவில்லை. தெருக்குத்துக்குப் பரிகாரமாகப் பாய் வீட்டு மதிலில் பதிக்க, கையளவு பிள்ளையாரோடு போய் நின்றார். என்னையும் சாட்சிக்கு இழுத்துப் போனார். பாய் கத்திரிக்கோலைக் கீழே வைக்கவில்லை.

"எஞ்சுவத்துல வேணாம் ஏழுமல. உன் சுவத்துலயே வையி. மூஞ்சிய மட்டும் தெருவப் பாத்துத் திருப்பு, எனக்கும் சேத்துப் பாத்துக்கட்டும்."

சுடுகாட்டு வழி

ஏழுமலை எண்பது தாண்டி, தூக்கத்தில் போனார். சாஸ்திரப்படி ஒரு குறையும் இல்லாத வீடு. மனைப்பிரிவிலிருந்து சுடுகாட்டுக்கு அந்தக் குறுக்குத்தெருவைத் தவிர நான் வேறு வழி விடவில்லை. பாடையைத் தூக்கியதும் பாய் தன் வாசலில் நின்று, தனக்குள் பேசுகிற மாதிரி மெதுவாகச் சொன்னார்:

"குத்துனது என்னிய, போறது நீயா ஏழுமல?"

விதிப்படி அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் நான் அளந்து விட்ட ஐந்தடிச் சந்தில், எந்த விதியும் பார்க்காமல் இரு வீட்டுத் துணியும் ஒரே கொடியில் காய்கிறது.