ஒரே ஒரு தடவைதான் பார்த்தாராம்

இன்று ஆண்டர்சன்பேட்டை பேக்கரியில் டீ குடிக்கும்போது எதிரே ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். பேச்சுக் கொடுத்தேன். அறுபதுகளில் நம் தங்கச் சுரங்கத்துக்குள் ஆராய்ச்சி செய்த விஞ்ஞானிகளில் ஒருவராம். பழைய இடத்தைப் பார்க்க வந்திருக்கிறார்.

எனக்கு உடனே பங்களாக்காரர் ஞாபகம் வந்தது. விஞ்ஞானிகளுக்கு ஜீப்பும் கருவிகளும் வாங்கிக் கொடுத்த பணக்காரர். பிறகு திருட்டுத் தங்கம் வாங்கி ஜெயிலுக்குப் போனார். அதே வழக்கில், வெறும் சந்தேகத்தின் பேரில், என் அப்பாவுக்குச் சுரங்க வேலை போனது.

"பங்களாக்காரரைத் தெரியுமா சார்?" என்று கேட்டேன்.

"ஒரு விழா மேடையில, ஒரே ஒரு தடவை பார்த்திருக்கேன். அவர் வீடு எங்கேன்னுகூடத் தெரியாது."

வீட்டைப் பற்றி நான் கேட்கவே இல்லையே.

சும்மா ஒரு பொய்யை எடுத்துவிட்டேன். "இன்னா வீடு சார் அது. கீழ சுரங்கத்துல பாறை வெடிச்சா, ஹால்ல தொங்கற சரவிளக்கு அப்படியே ஆடுமாம்."

அவருக்குப் பொறுக்கவில்லை. "சரவிளக்கா? அங்கே ஏது சரவிளக்கு? சாப்பாட்டு மேஜையில கிளாஸ்தான் ஆடும். நாங்க எல்லாரும் பேச்சை நிறுத்தாம, ஒரு கையால அவங்கவங்க கிளாஸைப் பிடிச்சுப்போம். ஞாயித்துக்கிழமைன்னா அதுதான் வேடிக்கை."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு ஆட்டோ ஏறிப் போய்விட்டார்.

அந்த மேஜையில் இன்னும் யார் யார் கிளாஸைப் பிடித்துக்கொண்டார்கள்? தெரிந்தவர்கள் கீழே கமெண்டில் எழுதுங்கள். தெரியாதவர்கள் தப்பாக எழுதுங்கள். அவரே வந்து திருத்துவார்.