செடான் பழைய ஸ்டைலாம்

இன்று கோல சிலாங்கூர் கார் கடையில் நடந்ததை நினைத்தால் இப்போதும் ஆத்திரமாக வருகிறது.

என் வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி. அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகத்தான் புதுக் கார் பார்க்கப் போனோம்.

கார் விற்கிற பையன் என் மகனிடம் மட்டும்தான் பேசினான். "செடான் பழைய ஸ்டைல் லா அண்ணே. எஸ்யூவி எடுங்க, கெத்தா இருக்கும்."

காது மந்தமான என் வீட்டுக்காரர் பதறிப் போனார். "ஐயோ, யாரு செத்தான்?"

அந்தப் பையன் கைகொட்டிச் சிரித்தான். என் மகனும் சேர்ந்து சிரித்தான். சீ!

உயரமான எஸ்யூவியில் ஏறச் சொன்னார்கள். காலைத் தூக்க முடியாமல் அவர் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். ஏழு பேர் போகும் எம்பிவியோ, கடைசி சீட்டில் கோழிதான் உட்காரலாம். தாழ்வான செடானில் மட்டும் அவர் முதலில் உட்கார்ந்து, பிறகு காலை உள்ளே இழுத்துக்கொண்டார். யாரும் அவரைப் பிடித்துவிட வேண்டியிருக்கவில்லை.

"பாக்கறவங்க என்னம்மா சொல்லுவாங்க?" என்றான் மகன்.

"பாக்கறவனாடா ஒங்கப்பன தூக்கி ஏத்தப் போறான்?"

செடானுக்கே புக் செய்தாயிற்று. மகன் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான்.

உயரமான கார் வைத்திருக்கும் சொந்தங்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்களை எப்படி ஏற்றுகிறீர்கள்? ஏணி வைத்தா?