தெலுங்கில் பேசினாலும் பதியும்

விமானத்தின் கருப்புப் பெட்டி கருப்பு இல்லை, நல்ல ஆரஞ்சு நிறம் என்று சொன்னால் எங்கள் ராஜபாளையத்தில் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். சொல்வது நான் என்றால் மீதிப் பேரும் நம்ப மாட்டார்கள். அவ்வளவு நல்ல பெயர் எடுத்து வைத்திருக்கிறேன். சென்னையில் அந்தப் பெட்டியோடுதான் எனக்கு வேலை. விமானிகள் தங்கள் அறையில் பேசுவதையெல்லாம் அது பதிந்துகொண்டே இருக்கும். இரண்டு விமானிகளின் மைக்குக்கும் தனித்தனித் தடம் உண்டு. போதாததற்குக் கூரையில் வேறு ஒரு மைக். அது பெருமூச்சைக்கூட விட்டுவைக்காது.

குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அந்தப் பதிவை இறக்கி, எல்லாத் தடத்திலும் குரல் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். குரலைத்தான் கேட்க வேண்டும், விஷயத்தைக் கேட்கக் கூடாது என்பார் எங்கள் மேலாளர். காது தனி, மூளை தனி என்று அவருக்கு நினைப்பு. கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்றும் விதி உண்டு. இந்த வாயை வைத்துக்கொண்டு அதை மட்டும் ஒழுங்காகக் காப்பாற்றி வருகிறேன். பொதுவாக ஒன்று சொல்லலாம். ரேடியோவில் பவ்வியமாக இங்கிலீஷ் பேசுகிறவர்கள், பட்டனிலிருந்து விரலை எடுத்ததும் தாய்மொழிக்குத் தாவிவிடுவார்கள். கேட்பவர்களுக்கு அது புரியாது என்று ஒரு நம்பிக்கை.

போன வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அதெல்லாம் பெயருக்குத்தான். அவனும் நானும் சென்னையில் மூன்று வருஷமாகப் பார்த்து முடித்திருந்தோம். அவர்கள் வீட்டில் தெலுங்கு, எங்கள் வீட்டில் தமிழ். அவன் அப்பா இறந்த பிறகு அவனுக்கு அம்மா மட்டும்தான். அவர் சரி என்றால் கல்யாணம், இல்லையென்றால் இல்லை என்று முன்கூட்டியே சொல்லியிருந்தான். அதில் எனக்குக் கோபம்தான். ஆனாலும் அவன் வேண்டும்.

கேசரி வந்தது. அவன் அம்மா ஒரு வாய் எடுத்துவிட்டு, பக்கத்திலிருந்த தன் தங்கையிடம் தெலுங்கில் ஆரம்பித்தார். முந்திரியைத் தேட வேண்டியிருக்கிறதாம். பெண் லட்சணமாம், ஆனால் வாய் நீளமாம். சோபா விரிப்பு இன்றைக்குத்தான் வாங்கியதாம். அது உண்மை, விலைச்சீட்டைப் பிய்க்க என் அம்மா மறந்திருந்தார்.

அவருக்குத் தெரியாத விஷயம், எங்கள் தெருவில் எங்களைத் தவிர எல்லா வீட்டிலும் தெலுங்கு என்பது. நான் சண்டை போடக் கற்றுக்கொண்டதே தெலுங்கில்தான். என் அப்பாவுக்கு மில்லில் முப்பது வருஷத் தெலுங்கு. நாங்கள் மூன்று பேரும் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இதெல்லாம் தெரிந்த அவன் வியர்த்து வழிந்தபடி இரண்டு தரம் இருமினான். நான் அவனைக் கண்ணால் அடக்கினேன். தொழில் புத்தி, இன்னும் கேட்கச் சொன்னது.

கேட்டிருக்க வேண்டாம். அவர் தட்டைக் கீழே வைத்தார். குரலைத் தாழ்த்தி, இவள் அவனைச் சென்னையிலேயே வைத்துக்கொள்வாள், அப்புறம் அந்த வீட்டில் எனக்குப் பேச யார் இருக்கிறார்கள் என்றார். எனக்கு உள்ளே ஓடிக்கொண்டிருந்த சிரிப்பு நின்றுவிட்டது.

பிறகு தமிழுக்கு மாறி, என்ன வேலை பார்க்கிறாய் என்று என்னிடம் விசாரித்தார். பெட்டியைச் சொன்னேன், கூரை மைக்கைச் சொன்னேன். அவர் கண் எங்கள் வீட்டுக் கூரைக்கு ஒருமுறை போய் வந்தது.

"ஏம்மா, தெலுங்குல பேசினாலும் பதியுமா?"

"பதியும் அத்தை."

"கேக்குறவுகளுக்குப் புரியணும்ல?"

"ராஜபாளையத்துக்காரின்னா புரியும்."

தங்கைக்குப் புரை ஏறியது. தண்ணீர் எடுக்கப் போன அப்பா திரும்பி வரவே இல்லை. அவன் அம்மா முகம் சிவந்து எழுந்து நின்று, கைப்பையைத் தோளில் மாட்டினார். மூன்று வருஷத்தை ஒரே வாக்கியத்தில் கெடுத்துக்கொண்டேனே என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது. வாசலைப் பார்த்தவர், என் பக்கம் திரும்பினார்.

"அதை அழிக்க வழி ஒண்ணும் கெடையாதா?"

"பட்டன் இருக்கு அத்தை. ஆனா விமானம் தரையில நிக்கணும், பிரேக்கும் போட்டிருக்கணும். பறக்கையில எம்புட்டு அமுக்குனாலும் அழியாது."

சத்தியமாக, பெட்டி அப்படித்தான் வேலை செய்யும்.

அவர் கைப்பையைக் கழற்றிவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பிரேக்கு போட்டாச்சு. அழிச்சிரு."

எல்லாவற்றையும் அழித்துவிட்டேன், பேச ஆளில்லை என்று சொன்னதை மட்டும் வைத்திருக்கிறேன் என்றேன். அதைத் தெலுங்கில் சொன்னேன்.

அவரும் தெலுங்கில், இந்தத் தடவை தங்கையிடம் இல்லை, என்னிடம் கேட்டார். தினமும் உனக்கு வேலை எத்தனை மணிக்கு முடியும்?